‘எல்லாம் மனசுதான்’ என்று திருப்பி அனுப்பிய பிறகு உடம்புக்குள் நடப்பது

ஏர்வாடிப் பக்கம் ஒரு கடலோர ஊரிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அக்கா பாசி எடுக்கப் போகிறவர். மூன்று வருடமாக அவருக்கு மூச்சு வாங்கியது. முதலில் கடலில் இறங்கும்போது மட்டும், அப்புறம் தண்ணீர்க் குடம் தூக்கும்போது, கடைசியில் படுத்தாலே. போன இடத்திலெல்லாம் வாயு என்றார்கள், நரம்புத் தளர்ச்சி என்றார்கள். ‘மனசுல எதையோ போட்டுக் குழப்பிக்கிறாங்க, எல்லாம் மனசுதான்’ என்று சத்து மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதி அனுப்பினார்கள். ஓர் இரவு சளியோடு ரத்தம் வந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் எக்கோ எடுத்தபோது, இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் கதவுபோல் இருக்கும் மைட்ரல் வால்வு ஒரு சதுர சென்டிமீட்டராகச் சுருங்கியிருந்தது. பலூன் வைத்து விரித்துவிட்டார்கள்.

இப்போது எக்கோ நன்றாக இருக்கிறது, மாடிப்படி ஏறுகிறார். ஆனால் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் நெஞ்சு படபடக்கிறது. பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றினால் உடம்பு நடுங்குகிறது. மல்லாந்து படுக்கவே மாட்டேன் என்கிறார். இதய மருத்துவர் ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். வாசகர் கேட்பது இதைத்தான்: “அண்ணே, மறுபடியும் மனசுன்னுதானே சொல்றாங்க? அன்னைக்குச் சொன்னதுக்கும் இன்னைக்குச் சொல்றதுக்கும் என்ன வித்தியாசம்?”

மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் அதை வெறும் வார்த்தையில் சொன்னால் அந்த அக்கா நம்ப வேண்டியதில்லை. மூன்று வருடம் வார்த்தையை நம்பித்தானே ஏமாந்தார். அதனால் வால்விலிருந்து தொடங்கி மூளைக்குப் போவோம்.

வால்வு சுருங்கிய கதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். சின்ன வயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் தொண்டை வலி வருகிறது. அதை எதிர்க்கக் கிளம்பும் நோய் எதிர்ப்பு மண்டலம், சில பிள்ளைகளுக்கு ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்கிவிடுகிறது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வலி போய்விடும். வால்வில் பட்ட காயம் தழும்பாகி, வருடக்கணக்கில் தடித்து, இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய வால்வு 1.5-க்குக் கீழே போனால் நோய் முற்றிவிட்டது என்று கணக்கு. நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் இடது மேலறையில் தேங்குகிறது, அந்த அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்கே ஏறுகிறது, மூச்சு வாங்குகிறது. உலகத்தில் 4 கோடிப் பேருக்கு மேல் ருமாட்டிக் இதய நோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

அவருக்கு மூச்சு முதலில் வாங்கியது கடலில் என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசி பாறையையும் செத்த பவளத்தையும் பிடித்துக்கொண்டு வளர்வது. கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் பை கட்டி, மூச்சைப் பிடித்து முங்கித்தான் பறிக்க முடியும். முங்கவே வேண்டாம், கழுத்தளவு தண்ணீரில் நின்றாலே போதும். காலையும் வயிற்றையும் தண்ணீர் சுற்றிலும் அழுத்துவதால் அங்கே தங்கியிருக்கும் ரத்தத்தில் அரை லிட்டருக்கும் மேல் நெஞ்சுக்குள் ஏறிவிடும். நல்ல இதயம் அதை அடுத்தடுத்த துடிப்புகளில் சமாளித்துவிடும். வால்வு சுருங்கிய இதயத்தால் முடியாது, வந்த ரத்தம் நுரையீரலில் தேங்கும். மல்லாந்து படுக்கும்போதும் இதேதான் நடக்கிறது, காலில் இருந்த ரத்தம் நெஞ்சுக்குத் திரும்புகிறது. ஆக, தண்ணீரில் இறங்கினால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று அவர் சொன்ன இரண்டும் சேர்ந்து நோயின் பெயரையே சொல்லியிருக்கின்றன. ‘என்ன வேலை பார்க்கிறீங்க? எப்ப மூச்சு வாங்குது?’ என்று யாராவது கேட்டிருந்தால் போதும்.

சரி, ஸ்டெதாஸ்கோப்பில் தெரியாதா? தெரியும், தேடினால். இந்த நோயின் சத்தம் மெல்லியது, தாழ்ந்த ஸ்தாயியில் உருளுவது. உட்கார்ந்திருப்பவரின் சேலைக்கு மேல் ஒரு விநாடி வைத்து எடுத்தால் கேட்காது. நோயாளியை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பின் குழிந்த பக்கத்தை இடது மார்புக்குக் கீழே, இதய நுனி துடிக்கும் இடத்தில் அழுத்தாமல் தொட்டாற்போல் வைக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் சத்தம் மறைந்துபோகும். காதுக்குத் தப்புவதும் நிறைய. 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். காதால் கேட்டுக் கண்டுபிடித்ததைவிடச் சுமார் 10 மடங்கு நோய் எக்கோவில் தெரிந்தது.

அடுத்து வருவதுதான் மருத்துவர்களையும் ஏமாற்றும் இடம். நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயத்துக்கு ஒரு துடிப்பு சுமார் 0.85 நொடி. அதில் பாதிக்கு மேல் இதயம் தளர்ந்து நிரம்பும் நேரம். துடிப்பு 120-க்குப் போனால் மொத்தமே அரை நொடிதான். அப்போது சுருங்கும் நேரத்தைவிட நிரம்பும் நேரம்தான் அதிகமாக வெட்டுப்படுகிறது. வாசல் குறுகலாக இருப்பவருக்கு அந்த நேரமும் குறைந்தால் ரத்தம் எப்படிக் கீழறைக்குப் போய்ச் சேரும்? பயந்தால் துடிப்பு கூடும், துடிப்பு கூடினால் நுரையீரலில் ரத்தம் தேங்கும், மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் பயம் இன்னும் கூடும். ‘பதற்றப்பட்டா மூச்சு வாங்குது’ என்று அந்த அக்காவே சொல்லியிருப்பார். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். கேட்டவர் அந்த வாக்கியத்தின் முதல் பாதியோடு நின்றுவிட்டார்.

பயத்தால்தான் நெஞ்சு படபடக்கும், அந்த ஒரு திசையில்தான் விஷயம் நடக்கும் என்று பல காலம் நினைத்துக்கொண்டிருந்தோம். 2023-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கார்ல் டெய்செரோத் குழுவினர் எதிர்த் திசையைச் சோதித்துப் பார்த்தார்கள். சுண்டெலிகளின் இதயத் தசை ஒளி பட்டால் துடிக்கும்படி மரபணுவில் மாற்றம் செய்தார்கள். ஒரு சின்ன விளக்கைச் சட்டைபோல் அவற்றின் மார்பில் மாட்டி, விளக்கை மினுக்கி, இதயத்தை விட்டுவிட்டு நிமிடத்துக்கு 900 முறை ஓடவைத்தார்கள். வெளியே பயமுறுத்தும் காரணம் எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. இருந்தும் ஆபத்துக்கு வாய்ப்புள்ள திறந்த இடங்களில் அந்த எலிகள் வழக்கத்தைவிட அதிகமாகப் பயந்தன. உடம்பின் உள்நிலவரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் இன்சுலா என்ற மூளைப் பகுதியை அமர்த்தியதும் அந்தக் கூடுதல் பயம் போய்விட்டது. நெஞ்சு முதலில் ஓடி, மனசு பின்னால் பயப்படுவதும் உண்டு. வால்வு நோயில் படபடப்பு வந்த ஒருவரிடம் ‘பயத்தால் படபடப்பு’ என்று சொல்வது குதிரைக்கு முன்னால் வண்டியைக் கட்டுவது.

இனி நான் சொல்ல ஆசைப்படும் இடம். வால்வு விரிந்து மூச்சு சரியான பிறகும் பிரஷர் பட்டையைப் பார்த்து உடம்பு ஏன் நடுங்குகிறது?

காதுக்கு நேர் உள்ளே, மூளையின் இரு பக்கமும், அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. உடம்பின் உள்ளேயிருந்து வரும் செய்தியும் வெளியிலிருந்து கண், காது, மூக்கு, தோல் வழியாக வரும் செய்தியும் அதன் நரம்புச் செல்களில் வந்து சேர்கின்றன. மூச்சுத் திணறல் என்ற செய்திக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, பிறவியிலேயே அது அந்தச் செல்லை உலுக்கிவிடும். புறநோயாளி அறையின் பினாயில் வாசனைக்கும், கையில் இறுகும் பட்டைக்கும் அந்தப் பலம் கிடையாது. அவை வரும், சும்மா போய்விடும். இந்தப் பலமில்லாத செய்திகளுக்கு மூச்சுத் திணறலின் பலம் எப்படி வந்து ஒட்டுகிறது?

அந்தச் செல்லின் மேல்பரப்பில் என்.எம்.டி.ஏ. ஏற்பி என்று ஒரு புரதம் இருக்கிறது. நடுவில் துளை உள்ள புரதம். குளூட்டமேட் என்ற செய்தி மூலக்கூறு வந்து உட்கார்ந்தால் துளை திறக்க வேண்டும். திறக்கவும் செய்கிறது. ஆனால் ஒன்றும் உள்ளே போவதில்லை. காரணம், துளைக்குள் ஒரு மெக்னீசியம் அயனி போய் அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஓய்வாக இருக்கும் நரம்புச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். மெக்னீசியத்துக்கோ இரண்டு நேர்மின் ஏற்றம். உள்ளே இழுபட்டு வரும், துளையின் குறுகலில் சிக்கி நின்றுவிடும். 1984-ல் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தன.

இந்த மெக்னீசியம் எங்கோ ஆய்வுக்கூடத்தில் மட்டும் இருப்பதில்லை. நம் கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் கரைந்திருக்கிறது. வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு விளைந்து வாரிய பிறகு பாத்தியில் தங்கும் தண்ணீரை நாக்கில் வைத்தால் கசக்கும், அந்தக் கசப்பு பெரும்பாலும் மெக்னீசியம்தான். அதே அயனிதான் நம் ஒவ்வொரு நினைவின் வாசலிலும் காவல் நிற்கிறது. நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் தீராத விஷயம் இது.

அந்தக் காவலை விலக்க ஒரே வழிதான் உண்டு. செல்லின் உட்புற மின்னழுத்தம் ஏற வேண்டும். ஏறினால் உள்ளே இழுக்கும் விசை தளர்ந்து, மெக்னீசியம் துளையிலிருந்து வெளியே வந்துவிடும். பினாயில் வாசனை கொண்டுவரும் கொஞ்சம் குளூட்டமேட்டால் அந்த அளவுக்கு மின்னழுத்தத்தை ஏற்ற முடியாது. ஆனால் அதே நேரத்தில் வேறொரு பாதையில் மூச்சுத் திணறல் வந்து செல்லையே உலுக்கினால்? மெக்னீசியம் விலகும். வாசனையின் குளூட்டமேட் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் துளைகள் வழியாகக் கால்சியம் உள்ளே பாயும். பேங்க் லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். நம் சாவி மட்டும் போட்டால் திறக்காது, மேனேஜர் சாவி மட்டும் போட்டாலும் திறக்காது, இரண்டும் சேர்ந்து விழ வேண்டும். குளூட்டமேட் ஒரு சாவி, உயர்ந்த மின்னழுத்தம் இன்னொரு சாவி. ‘இந்த இரண்டும் ஒன்றாக நடந்தன’ என்பதை ஒரு தனி மூலக்கூறு இப்படித்தான் கண்டுகொள்கிறது.

உள்ளே போன கால்சியம் சில நொதிகளைக் கிளப்பிவிடுகிறது. அவை, அந்த வாசனையின் செய்தி செல்லுக்கு வந்து சேரும் சந்திப்பில் மட்டும் கூடுதல் ஏற்பிகளைக் கொண்டுவந்து பதிக்கின்றன. அடுத்த தடவை வெறும் பினாயில் வாசனையே செல்லை உலுக்கப் போதுமானதாகிவிடும், பட்டையின் இறுக்கமே போதுமானதாகிவிடும். அந்த அக்கா மூச்சுக்குத் தவித்துக்கொண்டே எத்தனை புறநோயாளி அறைகளில் உட்கார்ந்திருந்தார்? ஒவ்வொரு தடவையும் இரண்டு சாவியும் ஒன்றாக விழுந்திருக்கின்றன. வால்வை விரித்த பலூனுக்கு இந்தச் சந்திப்புகளில் வேலை கிடையாது. ஆகவே இன்றைய நடுக்கமும் உடம்புக்குள், எண்ணிப் பார்க்கக்கூடிய ஏற்பிகளாக இருக்கும் ஒன்றுதான்.

இதைப் படித்துவிட்டு யாரும் மெக்னீசியம் மாத்திரை வாங்க ஓட வேண்டாம். துளையில் மெக்னீசியம் நிற்பதும் விலகுவதும் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. பயத்தைப் போக்கும் என்று பாட்டிலில் ஒட்டி விற்பவர்கள் இந்த அழகான கண்டுபிடிப்பைக் காசாக்குகிறார்கள், அவ்வளவுதான்.

நோய் ஏற்படுத்திய காயம் இது. ‘மனசுதான்’ என்று சொன்னது தனியாக ஒரு காயமா? மூச்சுத் திணறிய எல்லோருக்கும் அதிர்ச்சி தங்கிவிடுவதில்லை. மாரடைப்பு போன்ற திடீர் இதயத் தாக்குதலிலிருந்து பிழைத்தவர்களை எடுத்துக்கொண்டால், சுமார் 8 பேரில் ஒருவருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவில் வருகின்றன, மற்ற 7 பேர் மெல்லத் தேறிவிடுகிறார்கள். யார் தேறுகிறார், யார் தேறுவதில்லை? பலவகை அதிர்ச்சிகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2000-ல் கிறிஸ் பிரூவினும் உடன் ஆய்வாளர்களும் கணக்குப் பார்த்தார்கள். முந்தைய வாழ்க்கை, படிப்பு, வயது ஆகியவற்றைவிட, அதிர்ச்சிக்குப் பிறகு துணை கிடைத்ததா இல்லையா என்பது அதிக வலுவோடு விளைவைத் தீர்மானித்தது. துணை வேண்டிய நேரத்தில் ‘உனக்கு ஒண்ணுமில்ல’ என்ற பதில் வந்தால், துணை கிடைக்காதது மட்டும் நடக்கவில்லை. மேலே சொன்ன அதே துளை வழியாக இன்னொரு இணைப்பும் பதிகிறது: வாய் திறந்து சொன்னால் அவமானம்.

அந்த இரண்டாவது இணைப்புக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். வரிசையில் நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் ‘வேலையைப் பார்த்துக்கிட்டு நிம்மதியா இரும்மா’ என்று அனுப்பப்பட்ட பெண், வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் அந்தப் பதிலையே ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் அவர் மூச்சு வாங்குவதை மறைக்கக் கற்றுக்கொள்வார், பாத்திரம் தேய்ப்பதுபோல் உட்கார்ந்து இளைப்பாறுவார். மைட்ரல் வால்வு நோயில் மேலறை துடிப்பு ஒழுங்கு தவறி, அங்கே ரத்தம் உறைந்து, மூளைக்குப் போய் அடைத்துப் பக்கவாதம் வருவதுண்டு. விரித்த வால்வு சில வருடங்களில் மறுபடி சுருங்குவதும் உண்டு. படபடப்பு வந்தால் உடனே சொல்ல வேண்டிய ஒருவருக்கு, சொல்லக் கூடாது என்று நாமே பாடம் நடத்தி அனுப்பியிருக்கிறோம்.

இந்தக் கரையில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது 2001-ஐச் சொல்லாமல் விட முடியாது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. இரவில் சத்தம் போடுவது அங்கே வழக்கமான ஒன்றாகிவிட்ட நிலையில், அவர்கள் கத்தியது யாருக்கு எதை உணர்த்தியிருக்கும்? ஒருவரைப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டால் அவர் சொல்லும் வேறெதுவும் காதில் ஏறாது. இன்றும் கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பகுதி இதயம், நுரையீரல், தொற்று போன்ற உடம்பு நோய்களால். வயிற்று வலி என்று அவர் சொன்னால் அதுவும் பைத்தியத்தின் கணக்கில் எழுதப்படுகிறது.

மனநோய் தீர வேண்டி ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. தர்காவிலேயே மனநல மருத்துவரையும் பார்க்க வழி செய்யும் ‘மருந்தும் பிரார்த்தனையும்’ ஏற்பாடு நல்ல ஏற்பாடு. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று தடுத்திருக்கிறது. என் கோபம் வேறு. காத்துக் கருப்பு என்று தாயத்துக் கட்டுபவரும், நாடி பார்க்காமல் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சீட்டு எழுதுபவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இருவருமே பரிசோதனையைத் தொடங்கும் முன்னரே முடித்துவிடுகிறார்கள். படித்தவர் செய்யும்போது அது மூடநம்பிக்கை இல்லை என்று ஆகிவிடாது. வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் சத்தியம் செய்தது. பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அங்கே ஒரு பாக்டீரியாவைக் காட்டினார்கள், 2005-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள்.

இப்போது ஆலோசகரிடம் போவோம். நல்ல ஆலோசகர் செய்யும் முதல் வேலை, எக்கோ அறிக்கையை வாங்கிப் படிப்பது. இரண்டாவது வேலை, அதைக் கையில் வைத்துக்கொண்டு, “அக்கா, மூணு வருஷமா நீங்க சொன்னது அத்தனையும் சரி. உங்க வால்வு சுருங்கித்தான் இருந்திருக்கு” என்று சொல்வது. இது மரியாதைக்குச் சொல்லும் பேச்சு என்று தோன்றலாம். ஆனால் சிகிச்சையே இங்கேதான் தொடங்குகிறது. சொன்னால் அவமானம் என்ற இணைப்பு பதிந்திருக்கும் ஒருவர், சொல்லி, அவமானம் வராமல், நம்பப்பட்டு உட்கார்ந்திருக்கும் முதல் தருணம் அதுதான்.

நடந்ததையெல்லாம் முதல் நாளே கொட்டித் தீர்க்கச் சொல்வது ஆலோசனை ஆகாது. விபத்தில் சிக்கியவர்களை ஒரே ஒருமுறை உட்காரவைத்து எல்லாவற்றையும் பேசவைப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. பின்னாளில் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அதனால் பயன் தெரியவில்லை, சிலருக்குத் தீமையே நடந்திருந்தது. பயனுள்ள முறைகள் மெதுவானவை, பல வாரங்கள் எடுப்பவை.

எடுத்துக்காட்டாக அந்தப் பட்டை. ஆலோசகர் அதை மேசையில் வைப்பார், சுற்றமாட்டார். “இதைக் கையில சுத்துனா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்பார். “மூச்சு நின்னுரும்” என்று பதில் வரலாம். அதை அப்படியே எழுதிக்கொள்வார். அப்புறம் பட்டையை மடியில் வைப்பது, காற்று அடிக்காமல் சுற்றுவது, கொஞ்சம் அடிப்பது. ஒவ்வொரு படியிலும் எப்போது வேண்டுமானாலும் அவரே கழற்றிவிடலாம். நெஞ்சு படபடக்கும், படபடக்கட்டும். முடிந்ததும் எழுதியதைக் காட்டி, “மூச்சு நின்னுச்சா?” என்று கேட்பார். மல்லாந்து படுப்பதும் இப்படித்தான், முதலில் மூன்று தலையணை, பிறகு இரண்டு. மாடிப்படி ஏறி வேண்டுமென்றே துடிப்பைக் கூட்டிப் பார்ப்பதும் உண்டு. இதற்கெல்லாம் முன்னதாக இதய மருத்துவரின் சம்மதம் கட்டாயம். நடுவில் புதிதாக நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் ஆலோசனையை நிறுத்திவிட்டு முதலில் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். பயம் உள்ளவருக்கும் மாரடைப்பு வரும்.

பட்டை சுற்றியும் மூச்சு நிற்காதபோது மூளையில் என்ன நடக்கிறது? பழைய இணைப்பு அழிகிறது என்று நினைப்போம். அழிவதில்லை. மணி ஓசைக்கு நாய் எச்சில் ஊறுவதை நிறுத்திய பிறகும், கொஞ்ச நேரம் இடைவெளி விட்டால் அது தானாகத் திரும்பி வருவதை இவான் பாவ்லோவே கவனித்திருந்தார். பழைய பாடத்தின் பக்கத்திலேயே புதுப் பாடம் ஒன்று எழுதப்படுகிறது: பட்டை இறுகினாலும் ஒன்றும் ஆகாது. அதை எழுதுவதற்கு எது தேவை தெரியுமா? அதே என்.எம்.டி.ஏ. ஏற்பிதான். 1992-ல் மைக்கேல் டேவிஸ் குழுவினர் எலிகளின் அமிக்டலாவில் இந்த ஏற்பியைத் தற்காலிகமாக அடைத்துப் பார்த்தார்கள், பயம் தணியும் பயிற்சி வேலை செய்யவில்லை. பயத்தை எழுதிய அதே துளை, அதே கால்சியம், அதே மெக்னீசியக் காவல்தான் பாதுகாப்பையும் எழுதுகிறது. புதுப் பாடம் பதிந்த பிறகு நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் பகுதி அமிக்டலாவை அடக்கிவைக்கிறது.

இதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. டி-சைக்ளோசெரின் காசநோய்க்குக் கொடுக்கும் பழைய மருந்து, இந்த ஏற்பியைச் சற்றுத் தூண்டிவிடும் குணம் அதற்கு உண்டு. பயிற்சிக்கு முன் அதைக் கொடுத்தால் பாடம் சீக்கிரம் பதியுமா? 2004-ல் உயரத்தைக் கண்டு பயப்படுபவர்களிடம் நடந்த சின்ன ஆய்வு பெரிய நம்பிக்கை கொடுத்தது, பின்னர் வந்த பெரிய ஆய்வுகளில் பலன் சொற்பமாகவே இருந்தது. இதற்காக ஏமாற்றப்பட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை, அறிவியல் இப்படித்தான் நகரும். ஆனால் பணம் எங்கே போகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. மண்டபத்தில் மீனைப் பற்றியும் பாசியைப் பற்றியும் ஆராய மத்திய அரசின் நிலையங்கள் இருக்கின்றன, நல்ல வேலை செய்கின்றன. பாசியின் சத்து, விளைச்சல், விலை எல்லாவற்றுக்கும் ஆராய்ச்சித் திட்டம் கிடைக்கிறதே, அந்தப் பாசியை மூச்சைப் பிடித்துப் பறிக்கும் பெண்களின் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் ஒரு திட்டம் வேண்டாமா? கையடக்க எக்கோ கருவிகள் வந்துவிட்டன. ஒரு கருவியும் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும் சின்னப்பாலத்திலிருந்து மூக்கையூர் வரை கரையோரமாகவே போய்ப் பார்த்துவிட முடியும். ருமாட்டிக் காய்ச்சல் பணக்கார நாடுகளிலிருந்து பெரும்பாலும் போய்விட்டது, கூடவே அதற்கான ஆராய்ச்சிப் பணமும் போய்விட்டது. நம் பெண்களுக்கு நாம்தான் செலவு செய்ய வேண்டும்.

புதுப் பாடத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. எங்கே கற்றதோ அந்த இடத்தோடு அது ஒட்டிக்கொள்ளும். ஆலோசகரின் அமைதியான அறையில் பட்டைக்குப் பயப்படாதவர், அரசு மருத்துவமனையின் கூட்டத்தில் அதே பட்டைக்கு நடுங்கலாம். பழைய பாடமோ எல்லா இடத்திலும் வேலை செய்யும். அதனால் பயிற்சியை அறையோடு நிறுத்தக் கூடாது. பயம் எங்கே உண்டானதோ அங்கேயே போய் முடிக்க வேண்டும்.

இந்த அக்காவுக்கு அதற்கு ஒரு வழி நோயிலேயே இருக்கிறது. ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வேண்டும், அதுவும் பல வருடங்களுக்கு. ஆஸ்பத்திரியைக் கண்டு பயப்படுபவர் முதலில் தவறவிடுவது இந்த ஊசியைத்தான். ஊசி தவறினால் அடுத்த தொண்டை வலியில் வால்வுக்கு மறுபடி ஆபத்து. ஆகவே ஊசி நாளையே பயிற்சி நாளாக வைத்துக்கொள்ளும்படி ஆலோசகரிடம் கேளுங்கள். முதல் சில தடவை நீங்கள் கூடப் போங்கள். செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லி, கூட்டம் குறைந்த நேரத்தில், அவசரப்படுத்தாமல் பட்டையைச் சுற்றச் சொல்லுங்கள். போவதற்கு முன் என்ன ஆகும் என்று அவர் நினைக்கிறாரோ அதை ஊசி அட்டையின் பின்பக்கம் எழுதச் சொல்லி, வெளியே வந்ததும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆலோசகர் பக்கத்தில் கிடைக்காவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, எந்த நேரமும் காசில்லாமல் பேசலாம், தமிழில் பேசுவார்கள். பேசும்போது எக்கோ அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வால்வில் இருந்து தொடங்கச் சொல்லுங்கள்.